கெஜட்டில் சைலஸ் ஹாக்கிங்

சைலஸ் ஹாக்கிங் இறந்து பதினான்கு மாதம் கழித்து அரசாங்கம் அவருக்கு இன்னொரு பதவியும் கொடுத்தது.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை, தபால் வண்டியில். அவருடைய மனைவி கெசியா, பையை அவிழ்த்துக் கடிதங்களை ஒரு பக்கமும் பத்திரிகைகளை ஒரு பக்கமும் பிரித்து வைத்துவிட்டு, தலைநகரிலிருந்து வந்த கெஜட்டைக் கடைசியாகப் பிரித்தாள். மூன்றாம் பக்கத்தின் மேல்பாதியில் புதிய தபால் கட்டணங்கள் இருந்தன. கதவில் ஒட்ட வேண்டியது அதுதான் என்பதால் அதையே முதலில் படித்தாள். இந்தக் குடியேற்ற நாட்டுக்குள் போகும் கடிதத்துக்கு அரை அவுன்ஸுக்கு இரண்டு பென்னி, முன்பு போலவே. கப்பலில் இங்கிலாந்துக்குப் போவதற்கு ஆறு. இதுவரை இலவசமாகப் போய்வந்த பத்திரிகைகளுக்கு இனி ஒன்றுக்கு ஒரு பென்னி.

கீழ்ப்பாதியில் நியமனங்கள். அங்கே ஐந்தாவது வரியில் அச்சாகியிருந்தது: டன்னாக் விரிகுடா போஸ்ட்மாஸ்டர் திரு. எஸ். ஹாக்கிங், அவ்வட்டாரத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளராகவும் நியமிக்கப்படுகிறார்.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த வண்டிக்காரர் டோபியாஸ் கிரேக் அவளைப் பார்த்து நின்றார்.

"என்ன மிசஸ், முகமே வெளுத்துப்போச்சு?"

அவள் கெஜட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் குபீரென்று சிரித்துவிட்டார்.

"செத்தவங்க பேரை எழுதறதுக்குச் செத்தவரையே போட்டுட்டாங்களே!"

அவள் சிரிக்கவில்லை. அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சைலஸ் தாமிரச் சுரங்கத்தில் கால் நசுங்கி, அதற்குப் பிறகு இந்தத் துறைமுகத்துத் தபாலாபீஸ் வேலையைப் பெற்றவர். வேலை அவர் பேரில். செய்தது பெரும்பாலும் கெசியா. சைலஸுக்குக் கண் மங்கியிருந்ததால் கடிதம் பிரிப்பது, முத்திரை குத்துவது, தபால் பையோடு போகும் பைச்சீட்டில் 'எஸ். ஹாக்கிங்' என்று கையெழுத்துப் போடுவது எல்லாம் ஆரம்பத்திலிருந்தே அவள்தான். தலைநகரில் யாராவது சைலஸின் கையெழுத்து என்று எதையாவது அறிந்திருந்தால் அது அவளுடையதுதான். போன வருஷம் பிப்ரவரியில், இந்தப் பக்கத்துக் கோடையில், வடக்கிலிருந்து அனல் காற்று பத்து நாள் விடாமல் அடித்தபோது, அவர் காய்ச்சலில் போய்விட்டார். மெதடிஸ்ட் உபதேசியார் ஒருவர் ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார். மரணத்தைப் பதிய வேண்டுமானால் மூன்று நாள் பயணத்தில் இருந்த சுரங்க ஊருக்குப் போக வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் வியாழன். பை கட்ட வேண்டியிருந்தது. அவள் கட்டினாள், வழக்கமான கையெழுத்தைப் போட்டாள். அடுத்த வாரம் எழுதித் தெரிவித்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. தபாலாபீஸ் காலி என்று தெரிந்தால் அதைத் தூக்கி மதுக்கடைக்கோ இருபது மைல் தள்ளியுள்ள ஆட்டுப்பண்ணைக்கோ கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. தான் செய்வது ஏமாற்று என்று கெசியாவுக்குத் தோன்றியதே இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றும்போதெல்லாம் வேலை ஏதாவது இருந்தது.

கட்டண அறிவிப்பைக் கதவில் ஒட்டிய இரண்டாம் நாள், சனிக்கிழமை, டூகல் ரென்னி வந்தார். அந்த ஆட்டுப்பண்ணையின் சொந்தக்காரர். வாரத்துக்கு ஏழெட்டுப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, ஓரத்தில் தன் கருத்துகளையும் கிறுக்கி, குடியேற்ற நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த தம்பிகளுக்கும் மச்சான்களுக்கும் அனுப்புகிறவர். அன்றும் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். கெசியா எண்ணிப் பார்த்தாள்.

"எட்டு இருக்கு மிஸ்டர் ரென்னி. ஒவ்வொன்னுக்கும் ஒரு பென்னி ஸ்டாம்ப் ஒட்டணும்."

"படிச்சு முடிச்ச காகிதத்துக்குக் காசா? நாளைக்கு மூச்சு விடறதுக்கும் ஸ்டாம்ப் ஒட்டச் சொல்வீங்களா?"

"கதவுல ஒட்டியிருக்கு. படிச்சுப் பாருங்க."

"ஒட்டாம போட்டா என்ன ஆகும்?"

"பையில போகாது."

"யாரு சொன்னது?" ரென்னியின் கழுத்து சிவந்துவிட்டது. "செத்துப்போன போஸ்ட்மாஸ்டரா?"

உள்ளே நின்றிருந்த நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். ரொட்டிக்கடை மிசஸ் யெலண்ட் மட்டும், "சீ, என்ன பேச்சு இது" என்றாள், பாதிக் குரலில்.

சொன்னது அதிகம் என்று ரென்னிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பிப் போகிற ஆள் இல்லை அவர். அங்கேயே மை கேட்டு, தாள் கேட்டு, மேஜையின் ஓரத்தில் நின்றபடியே எழுத ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் எழுதினார். மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, தபால் துறைத் தலைவருக்கு என்று விலாசம் எழுதி அவளிடமே நீட்டினார்.

"இதுக்கு எவ்வளவு?"

கெசியா அதைத் தராசில் வைத்தாள். தட்டு இறங்கியது.

"அரை அவுன்ஸுக்கு மேல போகுது. நாலு பென்னி."

"இதையும் சேர்த்து எழுதியிருக்கணும்" என்று முனகிக்கொண்டே காசை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த தபால் வியாழக்கிழமைதான். ஐந்து நாள் அந்தக் கடிதம் அவளுடைய இழுப்பறையில் கிடந்தது. அதில் என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை மிசஸ் யெலண்ட் ரொட்டி கொடுக்க வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வழியில பை கிழிஞ்சு ஒரு கடிதம் விழறது சகஜம்தானே கெசியா? யாரு கேக்கப் போறாங்க?"

"நான் தைச்ச பை கிழியாது."

"தையலைப் பத்தியா பேசறேன் நான்?"

"தெரியும்."

சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொரு நாளும் அதை எடுத்துப் பார்த்தாள். ஒருதரம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். தாள் கனமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு பத்தடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. புதன்கிழமை மத்தியானம் அவளும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு வந்தது சிறிய கடிதம்தான். என் கணவர் போன வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார். அன்று முதல் வேலையை நான் பார்த்துவருகிறேன். அவர் பெயரில் கையெழுத்துப் போட்டது என் தவறு. கடிதம் எதுவும் தொலையவில்லை.

ஒட்டியபின் ஒரு குழப்பம் வந்தது. போஸ்ட்மாஸ்டர் வேலை நிமித்தம் தலைநகருக்கு எழுதும் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. மூலையில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் எழுதுகிறவள் போஸ்ட்மாஸ்டர் இல்லை என்பதுதானே கடிதத்தின் விஷயமே! தன் பையிலிருந்து இரண்டு பென்னி எடுத்துப் பெட்டியில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தினாள். இரண்டு கடிதங்களும் ஒரே கட்டில் போயின. பைச்சீட்டில் அன்று கே. ஹாக்கிங் என்று எழுதினாள்.

டோபியாஸ் சீட்டை உற்றுப் பார்த்தார். "இது யாரு புதுசா?"

"புதுசு இல்ல. இவ்வளவு நாள் எழுதலை, அவ்வளவுதான்."

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. நடுவில் மாஜிஸ்திரேட் ஆலிபன்ட் பைபிளோடு வந்தார். புதிய பதிவாளருக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. சவ அடக்கத்துக்கு வந்திருந்தவர்தான் அவர்.

"நான் என்ன பதில் எழுதறது மிசஸ் ஹாக்கிங்? ஆள் வரலைன்னு எழுதவா?"

"உள்ளதை எழுதுங்க. நான் எழுதிட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று கடைசிவரை தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் நீராவிக் கப்பலில் ஃபெனிமோர் என்றொரு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ஒல்லியான, இருமல்காரர். இரண்டு நாள் பைச்சீட்டுகளையும் ஸ்டாம்ப் இருப்பையும் சரிபார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பதினாலு மாசம். ஒரு வரி எழுத நேரமில்லையா உங்களுக்கு?"

கெசியா யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"முதல் வாரம் அழுதுகிட்டிருந்தேன். ரெண்டாவது வாரம் இங்கிலாந்துத் தபால் வந்துடுச்சு, மூச்சு விட முடியலை. மூணாவது வாரம் எழுதியிருந்தா, முதல் வாரமே ஏன் எழுதலைன்னு நீங்க கேட்டிருப்பீங்க. அப்புறம் அப்படியே போயிடுச்சு."

"இதை அப்படியே அறிக்கையில எழுத முடியாதும்மா."

"உங்களுக்கு எது எழுத முடியுமோ அதை எழுதுங்க ஐயா."

அவர் இருமினார். பிறகு பையிலிருந்து ரென்னியின் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது ஆறு பக்கம். அஞ்சே முக்கால் பக்கம் பத்திரிகைக் கட்டணம் அநியாயம்னு எழுதியிருக்கார். உங்க கணவரைப் பத்தி ரெண்டே வரி. அந்த ரெண்டு வரி போதும் உங்களை வேலையை விட்டு அனுப்பறதுக்கு. இதுவும் உங்க கடிதமும் ஒரே பையில வந்திருக்கு. ரெண்டுலயும் உங்க முத்திரை. இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே அனுப்பினீங்களா?"

"ஸ்டாம்ப் ஒட்டியிருந்துச்சே" என்றாள் கெசியா.

ஜூலையில் கெஜட் வந்தது. டன்னாக் விரிகுடாவின் போஸ்ட்மிஸ்ட்ரஸாகத் திருமதி கே. ஹாக்கிங் நியமிக்கப்பட்டிருந்தாள், ராஜினாமா செய்த திரு. எஸ். ஹாக்கிங்குக்குப் பதிலாக. சம்பளம் சைலஸுக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பத்திரிகைக் கட்டணத்தில் மாற்றமில்லை. பதிவாளர் பதவி, வேறு ஆள் கிடைக்காததால், ஆலிபன்டின் சிபாரிசில் டூகல் ரென்னிக்குப் போயிருந்தது.

ஊர்க்காரர்கள் கைகுலுக்க வந்தார்கள். கெசியா எல்லோருக்கும் நன்றி சொன்னாள். ஆனால் 'ராஜினாமா' என்ற சொல் அவளை உறுத்தியது. இறந்தவரை நியமித்த வெட்கத்தை மறைக்க அவர்கள் கண்ட வழி அது என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் பொறுக்கவில்லை. சைலஸ் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல.

அடுத்த செவ்வாய்க்கிழமை டோபியாஸின் வண்டியில் ஏறி ரென்னியின் பண்ணைக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரென்னி அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று தொடங்கினார்.

"அதுக்காக வரலை. மரணம் பதியணும்."

அவர் புதிய பதிவேட்டை எடுத்து வந்தார். ஒரு வரிகூட எழுதாத முதல் பக்கம்.

"பேரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டு எழுதணும்னு சட்டம்."

"சைலஸ் ஹாக்கிங். வயசு நாப்பத்தாறு. காய்ச்சல்."

"தேதி?"

சொன்னாள். ரென்னியின் பேனா நின்றது. "கெஜட்டுப்படி அவரு இந்த மாசம்தான் ராஜினாமா பண்ணியிருக்காரு. நீங்க சொல்ற தேதி போன வருஷம். நாளைக்கு யாராவது ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா?"

"பார்க்கட்டும். நீங்க எதை எழுதப் போறீங்க?"

அவர் அவள் சொன்ன தேதியை எழுதினார். தொழில் என்ற கட்டத்தில், கேட்காமலே, போஸ்ட்மாஸ்டர் என்று எழுதினார். பிறகு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, தகவல் தந்தவர் என்ற இடத்தைக் காட்டினார்.

கெசியா எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை. தன் பெயரை முழுதாக எழுதினாள், பக்கத்தில் 'மனைவி' என்று சேர்த்தாள். மை காயும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ரென்னியின் வீட்டுக்காரி தேநீரும் ஆட்டுக்கறி அடைத்த சூடான ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். கெசியா சாப்பிட்டாள். அவளுக்குப் பசியாகத்தான் இருந்தது.