நாயின் வயிற்றில் ஒட்டிய பூ

தம்பியோடு பாலைக்குப் போன நாய் மூன்றாம் நாள் தனியாகத் திரும்பி வந்தது. பழுதாகிப்போன அவன் ஜீப் மண்சாலையில் நிற்கிறது. அங்கிருந்து இடப்பக்கம் நடந்திருந்தால் குன்றும் அதன் அடியில் ஊற்றும், பிழைத்திருப்பான். வலப்பக்கம் உப்பு வெளி, பேருக்குக்கூடத் தண்ணீர் கிடையாது, இரண்டு நாளுக்கு மேல் யாரும் தாங்கமாட்டார்கள். காலடித் தடத்தைக் காற்று வழித்துக்கொண்டு போய்விட்டது. தேடப்போக இருப்பதோ ஒரே குழு.

நாயின் வயிற்று முடியில் ஒரு வெள்ளைப் பூ காம்போடு ஒட்டியிருந்தது. தரையோடு தரையாகப் படரும் செடி, இலையெல்லாம் பிசின். தேடல் அதிகாரி அதைக் காகிதத்தில் மடித்து நேராக என் மேசைக்குக் கொண்டுவந்தார். காய்ந்த செடிகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று தம்பி கிண்டல் செய்வான். இப்போது அந்தக் குப்பையைத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பூவில் இரண்டு வகை. காம்பில் ரோமம் இருந்தால் ஊற்றோரத்தில் வளர்வது. மழமழவென்றிருந்தால் உப்பு மண்ணில் வளர்வது. மற்றபடி அச்சு அசல் ஒன்றுதான். படைத்தவனுக்கு விளையாட்டு.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். தம்பி பெண்டாட்டி என் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள். அதிகாரி கதவருகே, பொழுது போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

காம்பில் ரோமம் தெரிந்தது.

"இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் விம்மி அழுதாள். அவசரக்குடுக்கை நான். இடுக்கியால் தொட்டதும் அந்த ரோமம் தனியாகக் கழன்று வந்தது. பழுப்பு நிறம். நாயின் முடி.

அதன் அடியில் காம்பு மழமழவென்றிருந்தது. பீரோவிலிருந்து இரண்டு வகைப் பூவும் ஒட்டிய தாள்களை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"நல்லா பாருங்க அண்ணி. ஒண்ணாவது இருக்கும்."

ஊற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்காவது இவள் ஒரு வாய் சாப்பிடுவாள். ஆனால் அவன் அந்தப் பக்கம் கேட்பாரற்றுக் கிடப்பான். உப்பு வெளி என்று சொன்னேன்.

அதிகாரி கையிலிருந்த தொப்பியை மேசைமேல் வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெயில் தாழட்டும் மேடம். அப்புறம் கிளம்பறோம்."

தம்பி பெண்டாட்டி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுச்சுல்ல அண்ணி? இவர் ஏன் உக்காந்துட்டாரு?"

நான் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தேன். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.