தூணுக்குப் பின்னால் இருந்தவள்

யுத்தம் முடிந்த மறு வருசம், பங்குனியில் ஒரு நாள் சங்கையா தன் வீட்டுப் பெண்களைச் சினிமாவுக்கு அனுப்பி வைத்தார். அருப்புக்கோட்டையில் பருத்தி வாங்கி விற்கிறவர். சினிமா என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர். அன்றைக்கு அவரே, "மொத ஆட்டத்துக்குப் போய்ட்டு வாங்க, நல்ல படமாம்" என்றார். மகள் கோகிலாம்பாளுக்கு அப்போதே என்னவோ நெருடியது. ஆனால் அண்ணன் மனைவி சந்தனம்மாள் சிவப்புச் சேலையை உடுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிய ஓட்டத்தில் எதையும் கேட்க முடியவில்லை.

கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். அம்மா சோலையம்மாளுக்குப் பக்கத்தில் கோகிலாம்பாளும், அடுத்துச் சந்தனம்மாளும் மணலைக் கூட்டி வைத்து உட்கார்ந்தார்கள். சந்தனம்மாளுக்கு நேரே கொட்டகைத் தூண் நின்றது. "கோகிலா, எனக்கு ஒண்ணுமே தெரியலத்தா" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, கோகிலாம்பாள் இடத்தை மாற்றிக்கொடுத்து, தன் நீலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

படத்தில், மெட்ராஸில் ஒரு மாடிவீடு. அதில் நாலு வாலிபர்கள், எதிர்வீட்டில் நாலு பெண்கள். ஒருவரையொருவர் ஆசைப்பட்டு, பேசிப் பழகி, சண்டை போட்டு, சமாதானமாகி, மூன்று ஜோடிக்குக் கல்யாணம் ஆகிறது. நாலாவது பெண் மட்டும் 'எனக்கு இவர் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு டீச்சர் வேலைக்குப் போய்விடுகிறாள். அந்த இடத்தில் ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். சந்தனம்மாளோ படம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போட்டபோதும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கோகிலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து விஷயம் வெளியே வந்தது. மல்லாங்கிணறில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற ராஜகுரு என்ற மாப்பிள்ளை, மண்சுவருக்கு அந்தப் பக்கம் தரகரோடு உட்கார்ந்து பெண் பார்த்துவிட்டாராம்.

"ரொம்பப் புடிச்சுப் போச்சாம்" என்றாள் சோலையம்மாள், முகமெல்லாம் பூரித்து.

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீ விறைச்சுக்கிட்டு ஒக்காந்திருப்ப. போன தடவ காரியாபட்டிக்காரவுக வந்து பலகாரத்தத் தின்னுட்டுப் பேசாமப் போனாகளே, அப்படி ஆகிரக் கூடாதுன்னுதான்."

சந்தையில் மாட்டை நிறுத்தினால்கூட, பார்க்கிறவன் யாரென்று மாட்டுக்குத் தெரியும். கோகிலாம்பாள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவிடம் சொன்னாள்: "அவுக என்னையப் பாத்தாகல்ல? நானும் அவுகளப் பாக்கணும்."

சோலையம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நல்லவேளையாக மல்லாங்கிணறில் கோகிலாம்பாளுக்கு ஓர் அத்தை இருந்தாள். முத்துமாரியம்மாள், சங்கையாவின் தங்கை. அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று சங்கையாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அண்ணன் துணையோடு அவளைக் கரிப்புகையில் ஓடுகிற கரிபஸ்ஸில் அம்மா ஏற்றிவிட்டாள்.

அத்தை நல்ல திடமாகத்தான் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எம் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கணும், வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

ராஜகுரு ஒல்லியாக, உயரமாக இருந்தார். தோளில் பருத்திக்கொட்டைத் தூசி. அத்தைக்குப் புண்ணாக்கை நிறுத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற கோகிலாம்பாளை ஒரு தரம் பார்த்தார். வாடிக்கைக்கு வருகிற யாரையும் பார்க்கிற பார்வை. அதில் ஓர் அதிர்ச்சியோ, வெட்கமோ எதுவும் இல்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது.

"இது யாரு, விருந்தாளியா?" என்று கேட்டார் அத்தையிடம்.

"எங்க அண்ணன் மக. அருப்புக்கோட்டை."

தராசைப் பிடித்த கை அப்படியே நின்றது. "ஒங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்ணா?"

"ஒத்தைப் பொண்ணுதான்யா. ஏன் கேக்குறீக?"

அவர் முகம் வெளிறிப்போனதைக் கோகிலாம்பாள் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, "வெத்தலை வாங்கிட்டு வந்துர்றேன்" என்று வேண்டுமென்றே நகர்ந்தாள்.

"நீங்க பாத்தது எங்க மதினி" என்றாள் கோகிலாம்பாள் மெதுவாக. "அண்ணன் பொண்டாட்டி."

ராஜகுரு பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "சத்தியமாத் தெரியாது. செவப்புச் சேலையா, நீலச் சேலையான்னு தரகர்கிட்டக் கேக்க வாயெடுத்தேன், வெளக்க அணைச்சுட்டான். உங்கம்மா பக்கத்துல இருக்கறவுகதான் பொண்ணுன்னு சொல்லியிருந்தாரு."

"நாங்க எடம் மாறி ஒக்காந்துட்டோம்."

கோபப்பட வேண்டும் என்று கோகிலாம்பாளுக்குத் தோன்றியது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் அவளைவிடப் பாவமாக இருந்தார்.

"எதுக்காகப் புடிச்சுதுன்னு சொன்னீக?"

"பொய் சொல்லக் கூடாதுல்ல? அவுக சிரிச்ச சிரிப்புத்தான். அம்மா போனதுக்கப்புறம் நானும் எங்க அய்யாவும் மட்டுந்தான். எங்க வீட்டுல சத்தமே இருக்காது."

"எனக்கு அப்படிச் சிரிக்க வராது."

"சரி" என்றார் அவர். பிறகு, "படம் புடிக்கலையா?" என்று கேட்டார்.

"பாதி தூண்ல போயிருச்சு. அந்த நாலாவது பொண்ணு வேண்டாம்னு சொன்னது மட்டும் புடிச்சுது."

"எனக்கு அது திமிராப் பட்டுச்சு."

"அவகிட்டக் கேட்டாக, சொன்னா. கேக்காமலே இருந்தாத்தான் நல்லதா?"

ராஜகுரு யோசித்தார். அவர் நிஜமாகவே யோசிக்கிறார் என்பதைக் கண்டு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் சொன்ன ஒன்றை இன்னொருவர் உட்கார்ந்து யோசிப்பது அதுவரை நடந்ததில்லை.

"நான் கண்ணத் தொறந்துக்கிட்டே குருடனாச் சம்மதம் சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "அதுக்கு மதிப்புக் கெடையாது. இப்ப நீங்க சொல்லுங்க."

"இப்பவேவா?"

"அவசரமில்ல. மதினி சமாச்சாரம் எங்கிட்ட இருந்து வெளிய போகாது."

அந்த வாரமே தரகர் சங்கையா வீட்டுக்கு வந்து, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதி வைக்கச் சொல்கிறார் மாப்பிள்ளை என்றார். சங்கையா கொதித்துப்போனார். "என்னய்யா இது? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லச் சொல்லு. பொண்ணுகிட்டக் கேக்கணுமாம்ல!"

மறுநாள் சந்தையில் ராஜகுருவையே கண்டுபிடித்து நேராகக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார்: "எம் பொண்ணுகிட்ட என்ன கொறை கண்டீகன்னு கேட்டேன். 'கொறை எங்கிட்ட மாமா, நான் சரியாப் பாக்கல, பொண்ணுதான் சொல்லணும்'னு தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கான். சந்தையில அத்தன பேரு பாக்குறாக. வேற ஒரு வார்த்தை வாயில இருந்து வரல."

அடுப்படியில் இருந்த கோகிலாம்பாளுக்கும் அது காதில் விழுந்தது. பழியை யார்மேலும் போடாமல் அத்தனை பேருக்கு நடுவே நின்றிருக்கிறார். பக்கத்தில் சந்தனம்மாள் எதுவும் அறியாமல் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சங்கையா கொல்லைப்புறம் வந்தார். மகளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தபடி, "ஒனக்கு என்னம்மா, சம்மதந்தானா?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேம்ப்பா."

"யோசிக்க என்ன கெடக்கு?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். பிறகும் வந்தார். கேட்க வந்த கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாமல், பருத்தி விலை, மழை, அவர் அப்பா காலத்துக் கடை என்று ஏதாவது பேச ஆரம்பித்தார். கோகிலாம்பாளும் பேசினாள். சில நாள் கல்யாணப் பேச்சே வராமல் இருவரும் இருட்டுகிற வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தை ஒரு தடவை வந்தபோது, "அந்தத் தம்பி அவசரமில்லைன்னு சொல்லச் சொல்லுச்சு. ஆனா கடைப் பக்கம் நான் போனாலே எந்திரிச்சு நிக்கி" என்றாள்.

ஆடி முடிந்து முதல் மழை விழுந்த அன்று, ஈரம் படாமல் விறகை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த கோகிலாம்பாள், அப்பா கேட்பதற்கு முன்பே, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள். "நானாத்தான் சொல்றேன்."

சங்கையா மீதி விறகை எடுத்துக் கொடுத்தார். பிறகு அடுப்படி வாசலுக்குப் போனார். உள்ளே சோலையம்மாள் உலையில் அரிசியைக் களைந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஒனக்கு இதுல சம்மதமா?" என்று கேட்டார்.

சோலையம்மாள் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"என்னையவா கேக்குறீக?"