அரை நிமிஷம் பிந்தி

அய்யாசாமியின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கால்மாட்டில் தஸ்தகீர் டிவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டிஷ் கட்டித் தந்தவர் அவர்தான். இப்போது டிஷ்ஷை யார் கேட்கிறார்கள், எல்லாம் போனில் வந்துவிட்டது என்பார்.

பினாங்கில் இருந்த மகன் செல்வம் வரவில்லை. வந்தால், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வயதுப் பையனைத் திரும்ப நாட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள். வரவேண்டாம் என்று சொன்னதே அம்மாதான். என் பங்கு வாய்க்கரிசியை அக்கா போடட்டும், அதை நான் பார்க்கணும் என்று மட்டும் கேட்டிருந்தான்.

இரண்டு மணிக்கு வண்டி. ஒரு மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தது. தஸ்தகீர் தன் போனை ஜன்னல் கம்பியில் கட்டினார். அது பிடிப்பது செல்வத்துக்குப் போகும். ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான் டிவி.

"படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும்மா."

அம்மா டிவியைப் பார்த்தாள். "கறுத்துத் தெரியறாரே."

"நேர்லயும் அப்படித்தானேம்மா."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

கமலாட்சி இன்னொரு போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அரிசியை அள்ளினாள். "செல்வம், இது உன்னோடது," என்று சொல்லி அப்பாவின் உதட்டில் போட்டாள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எப்பக்கா போடுவே?"

"போட்டாச்சுடா. வரும், பாரு."

கீழே வண்டி ஹார்ன் அடித்தது. ஆண்கள் தூக்கிவிட்டார்கள். குறுகல் படியில் திருப்பு, திருப்பு என்ற குரல்கள் இறங்கின. வீட்டைக் கழுவிவிடச் சின்னம்மா வாளியோடு வந்துவிட்டாள்.

"பார்த்துட்டேன்க்கா," என்றான் செல்வம்.

டிவியில் அப்பா இன்னும் கூடத்தில்தான் கிடந்தார். வாயில் அரிசி வெள்ளையாகத் தெரிந்தது.

சின்னம்மா வாளியைச் சாய்க்கப் போனாள். கமலாட்சி அதை வாங்கிக்கொண்டாள். "செத்த இருங்க சின்னம்மா."

டிவிக்குள் ஆண்கள் குனிந்தார்கள். அம்மா, தூக்குகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல், நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

கடைசி ஆள் வாசலைத் தாண்டினான். பிறகு டிவியில் வெறும் தரை வந்தது. கொஞ்சம் கழித்து, நிறைந்த வாளியைப் பிடித்தபடி ஒருத்தி அதில் நின்றுகொண்டிருந்தாள்.