ஸனா என்ற சொல்

ஜபாரின் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். முற்றத்தில் பள்ளிவாசல்துறை ஊரின் ஆண்கள் நிறைந்து நின்றார்கள். மீன் பங்கில் யாரையும் ஏமாற்றாதவர் ஜபார். கடற்கரையில் அவர் குரல் உயர்ந்ததை ஒருவரும் கேட்டதில்லை.

அறையில் அவருடைய மனைவி மர்ளியா இருந்தாள். பக்கத்தில் ஜபாரின் தங்கை ஸுஹைரா. திரைக்கு அப்பால் ரிஃபாஸ் மௌலவி வந்து நின்றார்.

"ராத்தா, தூக்க முந்தி மனுசி ஸனா சொல்றது இந்த ஊர் வழக்கமாம். பிறகுதான் நான் சபையில கேக்கணும்."

"ஸனா எண்டா?"

மௌலவி ஊருக்குப் புதியவர். விளக்கம் கேட்டால் அவருக்கு நேரம் போவது தெரியாது.

"மௌத்தானவரப் புகழ்றது. அறபில அந்த வேர்ச்சொல்லுக்கு மடிக்கிறது, இரண்டாக்கிறது எண்டு அர்த்தம். ஒருத்தர் சொன்னத மத்தவரும் திருப்பிச் சொன்னா அது புகழாகுது."

மர்ளியா வலது கையைப் பார்த்தாள். இரண்டு விரல்கள் மடங்கியே நிற்கும். அவற்றைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியவர் ஜபார். ஆஸ்பத்திரியில், தவறுதலாக நெரிந்தது என்று சொன்னவரும் அவர்தான்.

"சொன்னா என்ன நடக்கும்?"

"நாலு பேர் நல்லவரெண்டு சாட்சி சொன்னா அவருக்குச் சுவர்க்கம்."

"மனுசிக்கு?"

"நல்ல மனுசியெண்டா அவரோடயே இருப்பா."

"அங்கயுமா?"

ஸுஹைரா அவள் தொடையைக் கிள்ளினாள். "நல்லவர் எண்டு சொல்லு மதினி. நாக்குத் தேஞ்சிருமா?"

"மௌலவி, கெட்டது சொன்னா?"

"ஹதீஸில அதுக்கும் இதே சொல்தான் வருது. நல்லது சொன்னாலும் ஸனா, கெட்டது..." மௌலவி நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இதுதான் என்ட ஸனா. கெட்டவர்."

ஸுஹைரா அவள் வாயைப் பொத்தினாள். "துக்கத்தில உளறுறா."

மர்ளியா அந்தக் கையைத் தள்ளினாள். "துக்கமில்ல. கெட்டவர். போய்ச் சொல்லுங்க."

"வெயில் ஏறுது, தூக்குவோம்" என்று முற்றத்தில் யாரோ சொன்னார்கள். மௌலவி வெளியே போனார். மர்ளியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மார்க்கம் ஓதியவர், பொய் சொல்லமாட்டார்.

"மனுசி ஸனா சொல்லிட்டாங்க" என்றார் மௌலவி, மைக்கில். "நீங்களும் சொல்லுங்க. இவர் எப்படிப்பட்டவர்?"

"நல்லவர்!"

மௌலவி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் மறுபடியும் கேட்டார். முற்றம் மறுபடியும் சொன்னது. மூன்றாவது முறை சில ஆண்கள் அழுதார்கள்.

"நான் அப்பிடிச் சொல்லல்ல" என்று மர்ளியா எழுந்தாள். ஸுஹைரா அவளுடைய மடங்கிய விரல்களைப் பிடித்து நசுக்கினாள். மர்ளியா உட்கார்ந்துவிட்டாள்.

"புருசன் மௌத்தான இத்தாக்காரிட சத்தம் வெளியில போகக்கூடாது" என்றாள் ஸுஹைரா.

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த அறையிலிருந்த பெண்கள் வந்து மர்ளியாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க. ரெண்டு பேரும் அங்க ஒண்டாவே இருப்பீங்க."

"ஆமீன்" என்றார்கள் எல்லாரும்.