முப்பது குதிரை போதுமா?

பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு சனிக்கிழமையே நொலீன் கணவனோடு படகேறிவிட்டாள். பதினோரு வருடமாகக் கெல்வின் தனியாளாகப் போய் மீன் பிடித்த அலுமினியப் படகு அது. அவளுக்கோ சனிக்கிழமையானால் பிள்ளைகளை ஊர் ஊராக விளையாட்டுப் போட்டிக்கு ஏற்றிப் போகிற வேலை. ஓய்வு பெற்றதும் படகின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, முகத்தில் காற்று அடிக்க, மணல் தீவுக்குப் போக வேண்டும் என்பதுதான் இத்தனை வருடமாக அவளுடைய ஒரே ஆசை.

போனார்கள். ஆனால் பறக்கவில்லை. அந்த மாதிரிப் படகு ஒரு வேகம் பிடித்ததும் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு மேலேறிச் சறுக்க வேண்டும். இதுவோ முக்கியது, முனகியது, மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு எருமை மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் தன் படகில் விர்ரென்று வந்த கூட்டாளி பெர்னி கத்தினான்:

"என்ன கெல், நங்கூரத்தத் தூக்க மறந்துட்டியா?"

கரைக்கு வந்ததும், படகுகளை இறக்கி ஏற்றும் துறையில் மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முன்னால், கெல்வின் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "புரியலையே. தனியா போறப்ப நல்லாத்தான பறந்துச்சு!"

அவன் கபடமில்லாத மனுஷன். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை கண்களும் நொலீன் பக்கம் திரும்பின. அவள் கையிலிருந்த இறைச்சி ரோலைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை தோட்ட வேலை என்றாள்.

கெல்வினுக்கு ஒரே வழிதான் தோன்றியது. முப்பது குதிரைசக்தி இன்ஜினைக் கழற்றிவிட்டு ஐம்பதை மாட்டிவிடுவது.

"உனக்காகத்தான் வாங்குறேன், நொல். நீ வரணும்ல?"

"எனக்காகன்னா? என்னைத் தூக்க இருபது குதிரை கூடுதலா வேணுமா?"

"அப்படி நான் சொல்லலையே!"

"சொல்ல வேற வேணுமா?"

ஆனாலும் கடைக்குக் கூடவே போனாள். தனியாக விட்டால் அவன் நூறு குதிரை வாங்கி வந்துவிடுவான். கடைக்காரி மேரியன் இன்ஜின் விற்றே பிழைப்பவள், ஆனாலும் அவசரப்படவில்லை.

"படகோட பின்பலகையில ஒரு தகடு இருக்குமே, படிச்சுப் பாத்தீங்களா? நாப்பதுக்கு மேல மாட்டக்கூடாதுன்னு போட்டிருக்கும். நாப்பது குதிரை இன்ஜினே இப்ப இருக்கிறதவிட இருபத்தஞ்சு கிலோ கூட. அது மொத்தமும் பின்னாடிதான் உக்காரும். ஆமா, படகு இப்ப என்ன எடை?"

"வாங்கினப்ப குடுத்த காகிதத்துல இருக்கிறதுதான்" என்றான் கெல்வின்.

"காகிதம் ஒல்லியாவே இருக்கும் கெல். படகு இருக்காது. எடை போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

கெல்வினுக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது; நாற்பதுக்கே சொல்லிவிடலாம் என்றான். நொலீனுக்கு அப்படித் தோன்றவில்லை. படகின் கனம் எவ்வளவு, தன்னுடைய கனம் எவ்வளவு என்று அவளுக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். தன்னால்தான் என்றால் இனி படகுப் பக்கமே போவதில்லை என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, படகை ட்ரெய்லரோடு காரில் மாட்டி, ஊர்க் குப்பைக்கிடங்குக்கு ஓட்டிப் போனாள். லாரிகளை எடை போடும் மேடை அங்குதான் இருக்கிறது. ஒரே தடவையில் ட்ரெய்லரைப் பின்னுக்கு விட்டு மேடையில் நிறுத்தி, காரைக் கழற்றி நகர்த்தினாள். எடைமேடைக்காரர் டாரில் புருவத்தைத் தூக்கினார்.

"அறுநூத்தி இருபது கிலோம்மா."

காகிதத்தின்படி, இன்ஜினையும் பெட்ரோலையும் ட்ரெய்லரையும் சேர்த்தால்கூட ஐந்நூற்று இருபதுதான் வர வேண்டும். கயிறு, நங்கூரம், தூண்டில் பெட்டி என்று இருபதைக் கழித்தாலும் எண்பது கிலோ இடித்தது. அவள் ஏறி உட்காரவே இல்லை, அதற்குள் எண்பது கிலோ!

படகுக்குள் ஏறினாள். முன்பக்கப் பலகையைத் தூக்கினாள். உயிர்காப்புச் சட்டைகளை எடுத்துப் போட்டாள். அடியில், ஈரம் ஏறி இறுகிப்போன நான்கு மணல் மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில், கெல்வினின் கோணல் கையெழுத்தில், ஒரே பெயர்.

கீழேயிருந்து எட்டிப் பார்த்த டாரில் எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாரும்மா இந்த நொலீன்?"

"நான்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மூட்டையைச் சமையலறை மேசைமேல் தொப்பென்று போட்டாள். தூங்கி எழுந்து வந்த கெல்வின் அதைப் பார்த்ததும் வெட்கத்தில் முகம் சிவந்தான்.

"ஐயய்யோ. அது இன்னும் உள்ளயா இருக்கு?"

"என்ன இது?"

"புதுசா வாங்கினப்ப, தனியா போனா படகு மூக்கத் தூக்கிட்டு வானத்தப் பாத்துச்சு. முன்னாடி ஒரு ஆள் வேணும். நீ பஸ்ஸ விட்டு வர முடியாது. அதான், உன் எடம்னு…" வார்த்தை தடுமாறியது. "சும்மா பேர் எழுதி வச்சேன். மீன் கடிக்காத நாள்ல அதுகிட்டதான் பேசிட்டிருப்பேன். ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு அது இருக்கிறதே மறந்துபோச்சு."

நொலீன் மூட்டைமேலிருந்த பெயரை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். இத்தனை வருடமும் தான் இல்லாத படகில் தன்னை ஏற்றிக்கொண்டே திரிந்திருக்கிறான் இந்த மனுஷன். அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். பிறகுதான் கணக்கு உறைத்தது.

"கெல், எண்பது கிலோ போட்டிருக்க. நான் அப்ப அறுபத்தெட்டு!"

"ஒரு குத்துமதிப்பா போட்டேன் நொல்…"

"குத்துறேன் இரு!"

சனிக்கிழமை அதே பழைய முப்பது குதிரையோடு படகு இறங்கியது. முன்னிருக்கையில் நொலீன், மடியில் இறைச்சி ரோல். கெல்வின் விசையைத் திருகினான். மூக்கு லேசாக எழும்பியது, படகு மேலேறியது, அப்புறம் சறுக்கு சறுக்கென்று சறுக்கியது. காற்றில் அவள் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. நிறுத்த வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

பின்தங்கிப்போன பெர்னி கத்தினான்: "புது இன்ஜினா கெல்?"

"இல்லடா! இன்னொரு நொலீன எறக்கி விட்டுட்டோம்!" என்று திரும்பிக் கத்தினாள் அவள்.

மூட்டைகளை அவள் கொட்டிவிடவில்லை. தான் வராத நாளுக்கு வேண்டுமே என்று மணலைக் காய வைத்து, சமையல் தராசில் நிறுத்துப் பன்னிரண்டு கிலோவைக் குறைத்துக் கட்டி, வண்டிக்கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறாள்.