பூமராங்கும் விதையும் ஒரு முழங்கையும்

1

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டிலிருந்து திருடினேன். தாய்லாந்தின் சியாங் மாயில் எங்கள் சுவர்கள் மெல்லியவை. புவாகமும் அவளுடைய டச்சுக் கணவன் யோஸ்டும் சண்டை போட்டால் என் சோறு ஆறிவிடும்.

முதல் வரி இப்படி இருந்தது: 'கர்மா ஒரு பூமராங் என்று யோஸ்ட் நம்பினான், ஆகவே அவன்'

நிறுத்திவிட்டேன். பூமராங் வந்துவிட்டால் எறிந்தவன் ஒருவன், அவனே அடிபடுவதைப் பார்த்துக் கைதட்ட இன்னொருவன் என்று கதை தானாக ஓடிவிடுகிறது. கைதட்டும் வேலையை யோஸ்ட் எடுத்துக்கொண்டான்.

2

ஹாலந்தில் அவன் அப்பா இறந்துபோனார். குடித்துவிட்டு மகனை அடித்தவர். அடக்கத்துக்கு யோஸ்ட் போகவில்லை. விகாரையில் பிக்குகளுக்கு உணவளித்து, அந்தப் புண்ணியத்தை மாமனாருக்குச் சேர்க்க வேண்டும் என்றாள் புவாகம்.

"எறிஞ்சது திரும்பி வந்து அவரையே அடிச்சுது. அதுக்கு நான் சோறு போடணுமா?"

"கர்மாங்கிறது விதைப்பா. மண்ணு, மழை, வெயில் எல்லாம் கூடி வரணும். உங்க அப்பாவுக்கு என்ன மழை பேஞ்சுதுன்னு நீ கண்டியா?"

"ஜின் சாராயந்தான் பேஞ்சுது. சரி, என் புண்ணியத்தைக் கொடுத்தா எனக்குக் குறையாதா?"

"ஒரு விளக்குல இன்னொண்ணைப் பத்த வச்சா மொத விளக்கு அணைஞ்சா போவுது? கஞ்சப்பயலே, கிளம்பு."

(கவனித்தீர்களா? விதை எடுபடவில்லை என்றதும் விளக்குக்குத் தாவிவிட்டாள். நான் செய்திருந்தால் பிழை என்பீர்கள்.)

3

அன்று நான் விகாரைக்குப் போகவில்லை. இனி வருவது என் புளுகு.

பிக்குகள் ஓத, புண்ணியத்தை மாமனாருக்குச் சேர்க்கப் புவாகம் குவளையிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்த்தாள். கூட இருப்பவர் வார்ப்பவரின் முழங்கையைத் தொட்டால் போதும், அவரும் சேர்ந்து கொடுத்ததாக ஆகிவிடும். யோஸ்ட் நீரிலேயே விரலை விட்டான். பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது என்ன சூப்பா, உப்புப் பாக்க? முழங்கையைத் தொடு" என்றாள் புவாகம்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். "தொட்டா அவரை மன்னிச்ச மாதிரி ஆயிடுமா?"

"எனக்குத் தெரியாது. தண்ணி தீரப்போவுது."

4

முடிவு அ: தொடுகிறான், அழுகிறான். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: எழுந்துபோய் வாசலில் செருப்பைத் தேடுகிறான், வெகு நேரம்.

முடிவு இ: ஒரு புதிய உவமை

இல்லை. உவமைகள் எல்லாம் அவன் அப்பாவைப் பற்றியே பேசின. இங்கே உட்கார்ந்திருப்பது மகன். ஈர விரலோடு, எங்கே வைப்பதென்று தெரியாத கையோடு இருக்கிறான். எனக்குப் பாவமாக இருக்கிறது, அதனால் நான் எதைத் தேர்ந்தாலும் அது நியாயமாக இராது.

நீங்கள் உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவன் கையை நகர்த்துங்கள்.