ஏரி மேல் ஓட்டியது

ஏரி உறைந்து கிடக்கிறது. கருங்கல் மாதிரி பனிக்கட்டி, அதன் மேல் ஊரே குடில் போட்டு மீன் பிடிக்கிறது. அங்கே வண்டி ஓட்டினால் அதுவும் சாலையில் ஓட்டிய கணக்குதான் என்று வக்கீல் ஜோலீன் சொன்னதை வெர்லினால் நம்பவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து குளிர்காலம் வந்தால் ஏரி மேல்தானே பிழைப்பு? அப்பா மடியில் உட்கார்ந்து முதல்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்தது அங்கேதான். அவன் தன் மகனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். இந்த ஊரில் யாரைப் பிடித்துக் கேட்டாலும், ஏரியில் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதே இல்லை என்றுதான் சொல்வான்.

"அது தண்ணிங்க, வக்கீலம்மா. உறைஞ்சா மட்டும் ரோடாயிடுமா?"

"ஆயிடும். மின்னசோட்டா மாநிலத்துக்குள்ள சக்கரம் எங்க உருண்டாலும் உருண்டதுதான். சட்டத்துக்கு மீன் பிடிக்கத் தெரியாதுங்க."

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி மார்டெல் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஜனவரி மாதம். அந்த மாதம் வந்தாலே வெர்லினுக்கு ஆகாது. மத்தியானம் தன் மீன்குடிலுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தவன், நாலு வாய் என்று ஆரம்பித்த விஸ்கியைப் பாட்டிலின் அடிவரை கொண்டுபோய்விட்டான். ஆனாலும் அவனைச் சும்மா குறை சொல்லக்கூடாது, புத்தி இருந்தது. குடிலிலிருந்தே மார்டெலுக்கு ஃபோன் போட்டான். "ரொம்ப ஆயிடுச்சு. ரோட்ல ஓட்ட மாட்டேன். படகுத்துறை வரைக்கும் வந்து நிக்கிறேன், நீ வந்து கூட்டிட்டுப் போ." அப்படியே ஏரியைக் கடந்து, கரையில் முன்சக்கரம் ஏறியதும் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் மனுஷன் விறைத்துப் போவான். மார்டெல் வருவதற்குள் ஷெரீஃபின் ஆள் ஒருவன் ரோந்து வந்தான், கதவைத் திறந்தான், வாடையைப் பிடித்தான். அவள் வந்து சேர்ந்தபோது கணவன் போலீஸ் வண்டியின் பின்சீட்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஜோலீன் விஷயத்துக்கு வந்தாள். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, குத்தத்தை ஒத்துக்கறது. அரசு வக்கீல் குற்றச்சாட்டைக் குறைச்சுக்கறேங்கறார். ஜெயில் கிடையாது. ஆனா லாரி லைசென்ஸ் போயிடும்."

லாரி லைசென்ஸ் போனால் வெர்லினுக்கு வேலை போச்சு. மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை இளம் வயதிலிருந்து ஓட்டுகிறவன் அவன். பொழுது விடியுமுன் அவன் பனி தள்ளிவிட்ட சாலையில்தான் பள்ளிப் பேருந்தே போகும். வேறு தொழில் தெரியாது.

"இன்னொண்ணு விசாரணைக்குப் போறது. நீங்க ஏரில ஓட்டுனதைப் பாத்தவங்க யாருமில்ல. காத்துல தடமும் மூடிப்போச்சு. கரையில வண்டியை நிறுத்திட்டு, மனைவிக்கு ஃபோன் பண்ணிட்டு, அவங்க வர்ற வரைக்கும் உள்ள உக்காந்து குடிச்சீங்கன்னா, ஹீட்டருக்காக எஞ்சினைப் போட்டு வச்சதுக்கு இந்த ஊரு ஜூரி உங்களைத் தண்டிக்காது." ஜோலீன் பேனாவை மூடினாள். "ஆனா அதைச் சொல்ல ஒரே சாட்சி மார்டெல். எங்கேர்ந்து ஃபோன் வந்துச்சுன்னு அவங்ககிட்ட கோர்ட்ல கேப்பாங்க. என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லக்கூடாது. ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க."

குடிலிலிருந்து கூப்பிட்டான் என்று சொன்னால் வெர்லின் தொலைந்தான். படகுத்துறையிலிருந்து என்று சொன்னால் தப்பித்தான். ஒரே வார்த்தை.

"படகுத்துறையிலேர்ந்து," என்றாள் மார்டெல்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஜோலீன் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஒத்துக்கறதுல இன்னொரு நிபந்தனையும் இருக்கு. பறிகொடுத்தவங்க கூட்டத்துல ஒரு நாள் உக்காந்து கேக்கணும். வேணும்னா பக்கத்து மாவட்டத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம்."

ஏன் மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களைக் கோர்ட்டு அந்தக் கூட்டத்துக்கு அனுப்பும். குடிகாரன் வண்டியில் அடிபட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எழுந்து அவர்கள் முன்னால் பேசுவார்கள். இந்த மாவட்டத்தில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பதினைந்து வருஷமாகப் பேசுகிறவள் மார்டெல்.

அதுவும் ஒரு ஜனவரி மாதம். அவர்கள் மகன் டோரனுக்கு அப்போது பதினாறு வயது. ஹாக்கிப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு ஃபோன் செய்தான், வந்து கூட்டிப் போகச் சொல்லி. மார்டெல் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். ஃபோனை எடுத்தது வெர்லின். "ரெண்டு மூணு பீர் ஆயிடுச்சுடா கண்ணா. நான் ஓட்டக்கூடாது. பக்கம்தானே, நடந்து வந்துடு." நல்லதைத்தான் சொன்னான், பாவி மனுஷன்! பையன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரமாக நடந்தான். மதுக்கடையிலிருந்து வண்டியில் வந்த ஒருத்தன் அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போனான்.

கோர்ட்டில் அடித்தவனுடைய அம்மா கூண்டில் ஏறி, என் மகன் ஒரே ஒரு பீர்தான் குடித்தான், நான் பக்கத்திலேயே இருந்தேன் என்று பைபிள் மேல் கைவைத்துச் சொன்னாள். அவன் லேசாகத் தப்பித்தான். அன்று வீட்டுக்கு வந்து மார்டெல் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

யார் ஃபோனை எடுத்தது என்பதை வெர்லின் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டான். அவள் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை. தன்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் அந்தக் கூட்டத்தில் சொல்கிறாள் என்று வெர்லின் முடிவுகட்டிவிட்டான். அவன் அப்பன் வீட்டுல குடிச்சிட்டுக் கிடந்தான், பிள்ளையை நடக்கவிட்டான் என்றுதான் சொல்வாள். ஊரில் யாராவது அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால்கூட அதுதான் காரணம் என்று நினைப்பான். அவள் பேசுவதைக் கேட்க ஒரு தடவைகூட அவன் போனதில்லை. அவள் பேசப் போகிற நாட்களில் அவன் ஏரிக்குப் போய்விடுவான்.

லாரிக் கொட்டடியில் மேஸ்திரி கர்ட் அவனை விடவில்லை. "டேய், ஒத்துக்கிட்டுத் தொலையாத! விசாரணைக்குப் போ. ஜூரில பன்னெண்டு பேரு உக்காருவான். அதுல பாதிப் பேருக்கு ஏரில குடில் இருக்கும், மீதிப் பேரு அவனுங்க பொண்டாட்டிங்க. யாருடா உன்னைத் தண்டிப்பான்?"

"மார்டெல் சாட்சி சொல்லணும்டா."

"சொல்லட்டுமே. மார்டெல் சொன்னா ஊரே நம்பும். அவளை விட யோக்கியமானவ யாரு இருக்கா இங்க?"

ஆறுதலுக்குத்தான் சொன்னான் கர்ட். வெர்லினுக்கு அது சுருக்கென்று குத்தியது. குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது பின்கட்டிலிருந்து மார்டெலின் குரல் கேட்டது. துவைத்த துண்டுகளை மடித்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். வெர்லின் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"படகுத்துறையிலேர்ந்துதான் கூப்பிட்டாரு. குரல் தெளிவாத்தான் இருந்துச்சு." ஒரு துண்டு. "இல்லைங்க, உளறல் எல்லாம் இல்ல. மணல் கொட்டி வச்சிருக்கற தகரக் கொட்டகை பக்கத்துல நிக்கிறேன்னாரு." இன்னொரு துண்டு. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க."

கொட்டகையை அவளே சேர்த்துக்கொண்டாள்! எவ்வளவு கச்சிதமாக வருகிறது! கூண்டில் நின்ற அந்தக் கிழவியின் முகம் அவனுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதே இடத்தில், அதே பைபிள் மேல், இவள் கையா?

"மார்டெல். வேணாம். நான் ஒத்துக்கறேன்."

அவள் திரும்பினாள். "என்னது?"

"ஓட்டுனேன்னு சொல்லிடறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"போகட்டுமா? வேற என்ன தெரியும் உனக்கு? வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருப்பியா? அதுக்கப்புறம் எத்தனை பாட்டில்?"

"நீ அந்தப் பொம்பள மாதிரி கூண்டுல நிக்கறத நான் பாக்க மாட்டேன்."

கையிலிருந்த துண்டை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். "அவ புள்ளைக்காகச் சொன்னா! அன்னைக்கு அவளை நான் சபிச்சேன். இப்பதான் தெரியுது, அவ என்ன பண்ணுவா பாவம். எனக்கும் மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்டா, முட்டாள்!" உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அவன் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் போய் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து மடித்தான். அதையும் கோணலாக மடித்தான்.

"கூட்டத்துக்கு வேற போகணும்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஜோலீன்கிட்டச் சொல்லி பக்கத்து மாவட்டத்துக்கு மாத்திக்கோ."

"இல்ல. உன்னோடதுக்கே வர்றேன்."

"வேணாம் வெர்லின்."

"இத்தனை வருஷம் கேக்காம ஓடுனேன். கேக்கறேன்."

"வேணாம்னு சொல்றேன்ல!" அவள் முகம் வெளுத்துப் போயிற்று. என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் வெர்லின். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோர்ட்டில் நீதிபதி எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டார். "ஏரி மேலங்க." குடித்துவிட்டா? "ஆமாங்க." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கர்ட் சிரித்தவனைத் திரும்பி முறைத்தான். சாயங்காலத்துக்குள் லாரிச் சாவி கர்டின் கைக்குப் போய்விட்டது. அடுத்த பனி விழுந்தபோது வெர்லின் ஜன்னலருகே நின்று, வேறொருத்தன் தன் லாரியில் தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தான். திருப்பத்தில் பாதிப் பனியை அப்படியே விட்டுவிட்டுப் போனான் அந்த மடையன்.

கூட்டத்து நாள் வந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகள், பெரிய காபிக் கெட்டில், யாரோ சுட்டுக் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக். யாரும் அதைத் தொடவில்லை. பிடிபட்டவர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெர்லினும் அவர்களில் ஒருத்தனாக உட்கார்ந்தான். மார்டெல் எழுந்தாள். அவனைப் பார்த்தாள், பார்வையை எடுத்தாள். சொல்லு, சொல்லித் தீர்த்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

"என் மகன் பேரு டோரன்," என்று ஆரம்பித்தாள். ஹாக்கியைச் சொன்னாள், எவ்வளவு சாப்பிட்டாலும் பசி என்பான் என்றாள். "அன்னைக்கு சாயங்காலம் ஃபோன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். அம்மா, வந்து கூட்டிட்டுப் போன்னான். எனக்கு அசதி. அப்பதான் வேலையிலேர்ந்து வந்து காலை நீட்டியிருந்தேன். பக்கம்தானேடா, நடந்து வந்துடுன்னேன். சரிம்மான்னான். அவன் கடைசியாப் பேசுனது அதுதான். அடிச்சவன் குடிச்சிருந்தான், அது அவன் பாவம். ஆனா நடந்து வாடான்னு சொன்னது நான்."

வெர்லின் எழுந்து கத்த வேண்டும் என்று நினைத்தான். தொப்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் ஒரு பொடியன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். மார்டெல் மீதியையும் சொல்லி முடித்துவிட்டு, வந்ததற்கு எல்லாருக்கும் நன்றி என்று உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அவள்தான் ஓட்டுநர் பக்கம் ஏறினாள். அவனுக்கு இனி லைசென்ஸ் இல்லையே. கண்ணாடியில் படிந்த பனி இளகட்டும் என்று எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஏன் மார்டெல்? ஃபோனை எடுத்தது நான். எல்லார்கிட்டயும் நீ என் பேரைச் சொல்றன்னுல்ல நெனச்சேன்."

"முதல் தடவை அதைச் சொல்லணும்னுதான் எழுந்தேன். உன் பேரைச் சொன்னா அத்தனை பேரும் உன்னைக் கேவலமாப் பாப்பாங்க. எனக்கு மனசு வரல. என்னைப் பாக்கட்டும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"ஆமா." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே அப்படித்தான் ஞாபகம் வருது, வெர்லின். மணி அடிக்குது. சோபாலேர்ந்து எழுந்து வர்றேன். அம்மான்னு அவன் கூப்பிடறது காதுல கேக்குது. நான்தான் நடந்து வாடாங்கறேன். தூக்கத்துலயும் அதுதான். போயி கூட்டிட்டு வந்திருக்கலாமே, அசதின்னு ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன்னு இருக்கு."

"இல்லடி. நீ வீட்டுலயே இல்ல. வேலைக்குப் போயிருந்த. நான்தான் எடுத்தேன், நான்தான் சொன்னேன். அவன் அப்பான்னுதான் கூப்பிட்டான்."

அவள் அவன் பக்கம் திரும்பி, யாரோ வெளியூர்க்காரன் சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல மரியாதையாகத் தலையாட்டினாள்.

"அப்படியா," என்றாள், வண்டியைக் கிளப்பினாள்.